ஐந்து மணிக்குப் பெரிசு ஓடவேண்டும்

போன கிழமை எங்கள் கம்பஸ் பட்ச் வாட்சப் குறூப்பில் ஒருத்தன் ஒரு வீடியோ போட்டான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் சின்ன வட்டமாகத் தண்டவாளம் பூட்டி, அதில் பெரிய மொடல் ரயில் எஞ்சின் ஒன்றை ஓட்டுகிறார். வளைவில் ஏறியதும் எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து, பின்னால் வந்த பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தடாரென்று நிலத்தில். நீங்கள் எல்லாரும் சிரித்து உருண்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "என்னடி, உம்மெண்டு இருக்கிறாய்?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள்.

சொல்கிறேன். அந்தத் தடார் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. பகிடி இல்லை. போனைக் குப்புற வைத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன். இருபத்திமூன்று வயதில் இவளுக்கு என்ன பெரிய மலரும் நினைவு என்று நக்கலடிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வாசியுங்கள். வேகமாக அடிக்கிறேன், எழுத்துப்பிழை பிடிக்க வேண்டாம்.

எனக்கு அப்போது பத்து வயது. அரியாலையில் வீடு. அப்பா, அம்மா, அண்ணை, நான். அண்ணைக்கு இருபத்தியிரண்டு. மாமா ஜேர்மனியில். அவர் முதலில் எனக்கென்று ஒரு சின்ன ரயில் செட் அனுப்பினார். இரண்டு சோடிச் சில்லு உள்ள குட்டி எஞ்சின், ஒரு வட்டத்துக்குத் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகி ஒன்று. அடுத்த வருசம் அங்கே ஏதோ பழைய சாமான் சந்தையில் ஒரு பெரிய டீசல் எஞ்சினைக் கண்டு, மலிவென்று வாங்கி அனுப்பிவிட்டார். ஒரு சாணுக்கும் கூட நீளம். முன்னுக்கு மூன்று சோடிச் சில்லு, பின்னுக்கு மூன்று சோடி. கையில் எடுத்தால் அம்மிக் குழவி மாதிரிக் கனக்கும். சூடானால் தையல் மெசின் எண்ணெய் மணம். நாங்கள் குட்டி எஞ்சினைச் சின்னன் என்றும் இதைப் பெரிசு என்றும் சொல்வோம்.

பிரச்சினை என்னவென்றால், தண்டவாளம் சின்னனுக்கு அளவானது. அதைப் பூட்டியிருந்தது ஒரு பழைய அறைக் கதவின் மேல். கதவைக் கழற்றி இரண்டு நீளப் பலகை வாங்கில் படுக்க வைத்திருந்தோம். அகலம் இரண்டேமுக்கால் அடி. அதற்கு மேல் வட்டத்தை விரிக்க இடமில்லை. பெரிசு நேராக வரும்போது ராசா மாதிரி வரும். வளைவில் ஏறினால் நீட்டு உடம்பு வளைய மறுக்கும். நடுச் சில்லுகள் இறுகி, மேலே ஏறி, கீழே விழும்.

அண்ணை விடவில்லை. ஒரு மாதம் மினக்கெட்டான். நடுச் சில்லுகளின் விளிம்பை அரத்தால் அராவி எடுத்தான். வளைவில் உரஞ்சிய முன்படியை வெட்டினான். தண்டவாளத்துக்குக் கீழே அங்கங்கே மட்டை மடித்து வைத்தான். கடைசியில் பெரிசு ஓடியது. வளைவு வருமுன் திருகியைக் கொஞ்சம் குறைப்பான், பாதியில் ஒரு சொட்டுக் கூட்டுவான். அவன் கையில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. பலகைக் கதவு என்றபடியால் சத்தம் மேளம் மாதிரி எழும்பும். கொர்ர்ர் என்று ஒரு உறுமல், பொருத்துகளில் டக் டக், டக் டக். பின்னேரம் ஐந்து மணியானால் எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் தெரியும், பெடியன் வீட்டில் நிற்கிறான் என்று.

இதை நினைவில் வைத்திருங்கள். ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் வைத்திருந்தார்கள்.

அண்ணையை அதற்கு முந்தின வருசம் ஒருதரம் புலனாய்வுக்காரர் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து விட்டிருந்தார்கள். அதன்பிறகு அவன் ஒழுங்கை முனைக்கும் போவதில்லை. வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னால் குசுகுசுப்பு. பிறகு ஒருநாள் காலை பதினொரு மணிபோல், ரவுணுக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போகிறவன் மாதிரி ஒரு பையோடு இறங்கினான். அம்மா வாசல் படலை வரைக்கும் வரவில்லை. வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் குனிந்து, "பெரிசைத் தொடாதை என்ன, சின்னனை ஓட்டு," என்றான். படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் அப்பா சொன்னார். சத்தமே வராமல் சொன்னார். படகு இன்னும் வெளிக்கிடவில்லை, தெற்குப் பக்கம் ஒரு கரையில் எல்லாரையும் சேர்க்கிறார்கள், ஒரு வாய் திறந்தாலும் முழுப் பேரும் பிடிபடுவார்கள். அவன் கரையேறி விட்டான் என்று போன் வரும்வரை, அவன் இங்கேதான் நிற்கிறான்.

"ஆரும் கேட்டால்?" என்றேன்.

"அம்மாள் வருத்தம்," என்றார் அப்பா.

கொப்பளிப்பான் அம்மையை நாங்கள் அப்படித்தானே சொல்வோம். படலையில் ஒரு கொத்து வேப்பங்குழை கட்டினால் போதும், தபால்காரர்கூட உள்ளே வரமாட்டார். என்ன மூளை! அம்மாவுக்குத்தான் முகம் வெளிறிப் போனது.

"அந்தத் தாயைச் சாட்டிப் பொய்யோ? வேறை வருத்தம் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"வேறை வருத்தமெண்டால் சனம் பாக்க வரும். தோடம்பழத்தோடை வரும். இதுக்குத்தான் வராது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்குக் கோச்சியை ஓட்டவேணும். பெரிசை."

"அண்ணை தொடாதையெண்டவன்."

"சின்னன்ரை சத்தம் நுளம்பு மாதிரி. அது வேலிக்கு அங்காலை கேக்காது."

வேலிக்கு அங்கால் என்றால் பக்கத்து வீட்டு விதானையார். எங்கள் பகுதிக்குக் கிராம அலுவலரும் அவர்தான். நெட்டையான மனுசன், நெஞ்சுச் சளி, எந்நேரமும் இருமல். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வந்தது, யார் போனது என்று அரசாங்கம் கேட்டால் சொல்லவேண்டியவர். மோட்டச்சைக்கிளில் சிவில் உடுப்போடு ஆட்கள் வந்தால் முதலில் அவர் வீட்டுப் படலையில்தான் நிறுத்துவார்கள். எங்களுக்கு அந்தக் கிழமை முழு உலகத்திலும் பயப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று அப்பா கதவை வாங்குகளோடு இழுத்துப் படலைப் பக்கத்து யன்னலோடு சேர்த்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். அதுதான் முதல் பிழை. அப்போது ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் நாள் ஐந்து மணி. பெரிசைத் தண்டவாளத்தில் வைத்தேன். பன்னிரண்டு சில்லும் சரியாக உட்காரவேண்டும். திருகியைத் திருப்பினேன். கொர்ர்ர். ஒரு வளைவு போனது. நேர்த் தண்டவாளம் போனது. யன்னல் பக்கத்து வளைவில் ஏறியது, ஒரு தலையாட்டு ஆட்டியது, தடார்.

வீடு அப்படியே நின்றது. அம்மா குசினி வாசலில் கையில் அகப்பையோடு. அப்பா கதிரையில் பாதி எழும்பினபடி. வேலிக்கு அங்காலிருந்து ஒரு பெரிய இருமல். நீண்ட இருமல்.

"கேட்டிட்டான்," என்றார் அப்பா.

அண்ணை ஒருநாளும் விழுத்தாதவன். அது வேலிக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

அடுத்த நாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும். மெதுவாக ஓட்டினால் நடுவில் நின்றுவிடும். நிற்கிறதே என்று கூட்டினால் பாய்ந்து போய் விழும். பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் பெரிசைத் தனியாக ஓட்டினேன், கொஞ்சம் பரவாயில்லை. ஏன் நிற்கிறது என்று பார்த்தால் தண்டவாளம் முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. அம்மா! பொய் சொன்ன குற்றத்துக்குப் பரிகாரமாக, உண்மையாகவே வருத்தக்காரன் கிடக்கிற மாதிரிப் பின்னேரம் பின்னேரம் அறைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அண்ணையின் வெறுங்கட்டிலுக்குத் திருநீறு போட்டு, மிச்சத்தை எஞ்சினின் நெற்றியிலும் பூசிவிட்டுப் போவா. திருநீறு உதிர்ந்து தண்டவாளத்தில். மேலே மஞ்சள் தண்ணீர். கரண்ட் எப்படிப் பிடிக்கும்?

"அம்மா, எஞ்சினுக்குப் பூசாதேங்கோ, நிக்குது."

"நிண்டால் நிக்கட்டும். படகு நிக்காமல் போகவேணும்."

மண்ணெண்ணெயில் துணி நனைத்து நாலரை மணிக்கு நான் களவாகத் துடைப்பேன். நாலே முக்காலுக்கு அம்மா களவாகப் பூசுவா.

வருத்த வீடு என்றால் மச்சம் சமைக்கக்கூடாது. தினமும் மீன் இல்லாமல் சோறு இறங்காத அப்பா, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பகல் முழுக்க யன்னல் இடுக்கால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் யன்னலுக்குக் கீழே குந்திவிடுவேன். சத்தம் கடந்து போனாலும் எழும்பமாட்டேன். உண்மையாகவே உடம்பெல்லாம் கடிக்கத் தொடங்கியது. கண்ணாடியில் கொப்பளம் தேடினேன். அம்மாள் என்னைத்தான் பிடிப்பா என்று முடிவே கட்டியிருந்தேன்.

ஒருநாள் விதானையார் பெண்சாதி வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டா.

"என்ன பிள்ளை, கொண்ணைக்கு இன்னும் தண்ணி வாக்கேல்லையோ? ரண்டு கிழமை தாண்டிட்டுதே?"

அண்ணையைத்தான் கேட்டா; வருத்தம் ஆறினதும் வேப்பிலைத் தண்ணீர் வார்க்கிறது வழக்கம். அதோடு குழையை அவிழ்ப்பார்கள். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"இப்ப உவளுக்கும் வந்திட்டுது அக்கா. அதாலை இன்னும் கொஞ்ச நாள் போகும்."

"ஐயோ, உவளுக்குமோ? பெட்டை நிண்டு கதைக்கிறாள்!"

"அதுதான் சொல்லுறன், உள்ளை போடியெண்டு!"

முதுகில் ஒரு அடி. அன்றிலிருந்து நானும் உத்தியோகபூர்வமாக வருத்தக்காரி. அண்ணையிடமிருந்து ஒரு சொல் இல்லை. கடலில் காற்று என்று றேடியோவில் சொன்னால் அப்பா றேடியோவை நிற்பாட்டுவார். பெரிசு விழாத நாள் என்று ஒன்றிரண்டு வந்தது. விழுகிற நாள்தான் அதிகம். ஒவ்வொரு முறை விழும்போதும் அங்காலிருந்து அந்த இருமல்.

பதினெட்டாம் நாள். ஐந்து மணிக்கு ஓட்டத் தொடங்கி ஐந்து நிமிசம் இராது. படலையில் மோட்டச்சைக்கிள் நின்றது. இரண்டு பேர். பக்கத்தில் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விதானையார்.

அம்மா அண்ணையின் கட்டிலில் பாய்ந்து ஏறித் தலையோடு கால் போர்வையால் மூடிக்கொண்டா. போர்வை நடுங்கியது. "நிப்பாட்டாதை," என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். யன்னலுக்கும் படலைக்கும் பத்தடிகூட இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"மகன் எங்க?" வந்தவனின் தமிழ் எங்கள் பக்கத் தமிழ் இல்லை.

"உள்ளை படுத்திருக்கிறான். அம்மாள் வருத்தம்."

"எத்தனை நாளா?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாளா?" அவன் சிரித்தான். "அந்தச் சத்தம் என்ன?"

"விளையாட்டுக் கோச்சி. பெடியன் ஓட்டுறான். வருத்தத்தோடை பொழுது போகவேணுமே."

பெரிசு யன்னல் பக்கம் வந்தது. திருகியைப் பிடித்திருந்த என் கை வியர்த்து வழுக்கியது. குறைக்கவேண்டிய இடத்தில் கூடிவிட்டது. தடார். இந்த முறை கதவிலிருந்து உருண்டு நிலத்தில் விழுந்து, கட்டில் காலில் முட்டி நின்றது.

திருகியைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன்.

"அவனை வெளிய கூப்பிடுங்க. பார்க்கணும்."

பதில் சொன்னது அப்பா இல்லை, விதானையார்.

"விழுந்திட்டுது சேர். உது ஒவ்வொரு நாளும் உந்த வளைவிலை விழும். எஞ்சின் பெரிசு, வட்டம் சின்னன். பெடியன் இப்ப எடுத்து வைப்பான், பாருங்கோ."

நான் நிலத்தில் தவழ்ந்து போய் எஞ்சினை எடுத்தேன். ஒரு மூலை உடைந்திருந்தது. தண்டவாளத்தில் வைத்தேன். முன் ஆறு சில்லு உட்கார்ந்தது, பின் ஆறு வழுகியது. பின்னதை அமத்த முன்னது வெளியே. கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே எல்லாரும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விரலால் தடவித் தடவிப் பன்னிரண்டையும் உட்கார வைத்துத் திருகியைத் திருப்பினேன். கொர்ர்ர். அந்த வளைவுக்கு வந்ததும், விழப்போகிறது என்ற பயத்தில் வெளிப்பக்கத் தண்டவாளத்துக்குக் கீழே நகத்தைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். பெரிசு என் நகத்துக்கு மேலால் ஏறி, ஆடாமல் போனது. அடுத்த சுற்றும் போனது. இடது கை திருகியில், வலது கை நகம் தண்டவாளத்துக்குக் கீழே. டக் டக், டக் டக்.

"நான் சொன்னனே," என்றார் விதானையார். பிறகு, "சேருக்குச் சின்ன வயசிலை உந்த வருத்தம் வந்ததோ? வராட்டி உள்ளை போகாதேங்கோ. பெரியாக்களுக்கு வந்தால் கண்ணையும் பிடிக்கும். உள்ளை ரண்டு பேருக்கு."

செருப்புகள் பின்வாங்கும் சத்தம் கேட்டது. மோட்டச்சைக்கிள் வெளிக்கிட்டுப் போய், முனையில் திரும்பி, சத்தம் தேய்ந்த பிறகும் நான் நகத்தை எடுக்கவில்லை. அப்பா வந்து கரண்டை நிற்பாட்டியபோதுதான் விரலில் இரத்தம் கண்டேன்.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். அம்மா போர்வையை விலக்கினா.

"பாத்தியளே, விதானையார்தான்..." என்று அம்மா தொடங்கினா.

"அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன்!" அப்பா கட்டிலில் கையால் அடித்தார். "சொன்ன விதம் கேட்டனியே? ஒவ்வொரு நாளும் விழுமாம். மூத்தவன் ஓட்டேக்கை ஒருநாளும் விழேல்லையெண்டு உவனுக்கு வடிவாத் தெரியும். தனக்குத் தெரியுமெண்டு என்ரை முகத்துக்கு நேரை காட்டுறான். இனி உவன்ரை கையிலை எங்கடை குடுமி."

அம்மா போர்வையை மடிக்கத் தொடங்கினா. நான் நம்பினேன். அப்பா சொன்னால் சரிதானே. அன்றிலிருந்து அந்த இருமல் கேட்டால் நான் உள்ளே ஓடிவிடுவேன்.

போன் வந்தது இருபத்தாறாம் நாள், காலையில். நீளமான இலக்கம்.

"அம்மா, நான்தான். கரையேறிட்டன். முகாமிலை வைச்சிருக்கினம். சாப்பாடெல்லாம் தருகினம்."

அம்மா போனைக் கன்னத்தில் வைத்து அழுதுகொண்டே இருந்தா, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பா பறித்து இரண்டு சொல் கதைத்துவிட்டு என்னிடம் தந்தார். எனக்கு வேறொன்றும் வரவில்லை.

"அண்ணை, பெரிசு ஒவ்வொரு நாளும் விழுந்தது. யன்னல் பக்கத்து வளைவிலை. அப்பாதான் ஓட்டச் சொன்னவர்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கரகரப்பு. "கதவை ஆரும் அசைச்சவையோ?"

"ஓம், யன்னலடிக்கு."

"கதவுப் பிணைச்சல் பூட்ட வெட்டின பள்ளம் அந்த வளைவுக்குக் கீழை கிடக்கடி மொக்கு. மட்டை வைச்சிருந்தனான். இழுக்கேக்கை விழுந்திருக்கும்." சிரித்தான். தொடர்பு அறுந்துவிட்டது. நிலத்தைப் பார்த்தேன். வாங்கின் காலடியில் நாலாய் மடித்த கொப்பி மட்டை, இவ்வளவு நாளும் கூட்டுமாறுக்கும் தப்பிக் கிடந்தது.

குழையை அவிழ்த்தோம். அப்பா மீன் வாங்கி வந்தார். அடுத்த கிழமை வேலியில் ஓலைக் கிடுகைக் கழற்றிவிட்டு ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார். விதானையார் வீட்டோடு கதை வழி இல்லை. பொங்கலுக்குப் புக்கை கொடுப்பதும் நின்றது. அவர் சைக்கிளில் எதிரே வந்தால் அப்பா மற்றப் பக்கம் திரும்புவார். ஒரு வருசம் இல்லை, ஒன்பது வருசம்.

பிறகு எனக்குக் கம்பஸ் கிடைத்தது. உங்கள் எல்லாருக்கும் தெரியும், வதிவிடக் கடிதத்துக்கு விதானையாரிடம் போகாமல் முடியாது. அவர் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது. அப்பாவுக்குச் சொல்லாமல் போனேன். படலையடியில் அந்த இருமல் கேட்டதும் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

எழுதிக்கொண்டே கேட்டார். "கொண்ணை எப்பிடி?"

"கொழும்பிலை," என்றேன். பழக்கதோசம். குழை அவிழ்த்த பிறகு கேட்கிறவர்களுக்கு வீட்டில் சொல்லி வந்த பொய் அதுதான்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் அப்பிடி எழுதேல்லையே. வீட்டிலைதான் நிக்கிறான், அம்மாள் வருத்தம், என்ரை கண்ணாலை கண்டனான் எண்டெல்லோ எழுதிக் குடுத்தனான். கையெழுத்தும் வைச்சு."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கு அவங்கள் வந்து எழுத்திலை கேட்டவங்கள் பிள்ளை. ஒழுங்கையிலை எந்தெந்த வீட்டிலை பெடியள் இல்லையெண்டு. அதுக்குப் பிறகு ரண்டு வருசம், மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் நான் கிணத்தடிக்குப் போய் ஒளிச்சிருப்பன்." பேனையை மூடினார். "நீயும் ஒரு ஆள்! ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு வேலியடியிலை கதிரையைப் போட்டிட்டு நல்லூரானைக் கும்பிடுவன், இண்டைக்கெண்டாலும் விழுத்தாமல் ஓட்டடியெண்டு. நீ விழுத்துவாய். ஒழுங்கையிலை போற சனத்துக்கு அந்தத் தடார் கேக்கக்கூடாதெண்டு இருமி இருமி என்ரை நெஞ்சு போச்சு."

கடிதத்தை நீட்டினார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல். வெறும் மேலும் சாறமுமாகக் கதிரையில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ணாலை கண்டனான் எண்டோ எழுதினவன்?" என்று ஒருதரம் கேட்டார். ஓம் என்றேன். அவர் எழும்பி நடந்தார்.

"சேட்டைப் போட்டுக்கொண்டு போங்கோவன்," என்று அம்மா குசினியிலிருந்து கத்தினா. கேட்கவில்லை. நான் பின்னால் போனேன்.

விதானையாரின் படலைக் கொளுக்கியை இரண்டு தரம் தட்டினார். உள்ளே இருமல். "ஆர் அது?"

ஒன்பது வருசத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரன் என்று அப்பாவால் சொல்ல ஏலாது. தன் பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"ஆரது படலையடியிலை?"

"நான்தான்," என்றார் அப்பா. "பெடியன்ரை தேப்பன்."